டிராக் டேவுக்கு ஹெல்மெட்: தலையையும் பார்க்கணும், காரையும் பார்க்கணும்

உங்கள் கேள்வி சுருக்கமாக இது: கார் போலோ ஜிடி, கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கிறது. டயரும் பிரேக் பேடும் மட்டும் மாற்றியிருக்கிறீர்கள். சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் நடக்கும் டிராக் டே ஒன்றுக்கு, அதாவது சொந்தக் காரை டிராக்கில் ஓட்டிப் பார்க்கும் நாளுக்கு, பெயர் கொடுத்தாகிவிட்டது. பைக்குக்கு வைத்திருக்கும் ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட் போதுமா, தனியாக வாங்கணுமா? வாங்கினால் முகத்தை மூடியதா, திறந்ததா? கழுத்தைக் காக்கும் கருவியான ஹான்ஸ் வேண்டுமா? நண்பர் பாதி விலைக்குத் தருவதாகச் சொல்லும் பழைய ரேஸ் ஹெல்மெட்டை வாங்கலாமா? புதிதாக வாங்குவதையே பைக்குக்கும் போட்டுக்கொள்ளலாமா?

அவசரத்துக்கு முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். முதல் தடவைக்கு உங்கள் பைக் ஹெல்மெட் போதும், ஏற்பாட்டாளர் ஒத்துக்கொண்டால், அது உங்கள் தலையில் இறுக்கமாக உட்கார்ந்தால். தொடர்ந்து போகிற எண்ணம் இருந்தால் கார் பந்தயத்துக்கென்று தரப்படும் ஸ்னெல் எஸ்ஏ முத்திரை உள்ள ஃபுல் ஃபேஸ் ஒன்று வாங்குங்கள். ஹான்ஸ் இந்தக் காரில் இப்போது வேண்டாம். நண்பருடைய ஹெல்மெட் வேண்டவே வேண்டாம். இனி காரணங்களுக்கு வருகிறேன், ஏனென்றால் காரணம் தெரியாமல் வாங்குகிறவர்கள்தான் தப்பான இடத்தில் காசைக் கொட்டுகிறார்கள்.

ஹெல்மெட்டைத் தனிப் பொருளாக நினைக்காதீர்கள். கார் மோதி நிற்கும்போது உங்கள் உடம்பைப் பெல்ட் பிடிக்கிறது, முதுகை சீட் பிடிக்கிறது, தலையைப் பிடிக்க கழுத்தைத் தவிர வேறெதுவும் இல்லை. அந்தத் தலை எங்கே போய் இடிக்கும் என்பதை உங்கள் பெல்ட், சீட், கூரையின் உயரம், ஸ்டீயரிங்கின் தூரம் எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கின்றன. ஒரே ஹெல்மெட் ரோல் கேஜ் என்ற இரும்புக் குழாய்க் கூண்டு போட்ட ரேஸ் காரில் ஒரு மாதிரியும், உங்கள் போலோவில் வேறு மாதிரியும் வேலை செய்யும். அதனால் தலைக்கு அளவு எடுப்பதோடு காருக்குள் உட்கார்ந்து பார்ப்பதும் தேர்வில் பாதி.

முத்திரை விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். நம் ஊரில் இரு சக்கர ஹெல்மெட்டுக்கு ஐஎஸ்ஐ கட்டாயம். ஐஎஸ் 4151 என்ற தரம். ஐரோப்பாவில் ஈசிஇ 22.06. அமெரிக்காவில் டாட், அதில் தயாரிப்பாளரே சோதித்து முத்திரை ஒட்டிக்கொள்வார். இவை எல்லாமே பைக்கிலிருந்து தூக்கி எறியப்படுகிற தலையை மனதில் வைத்து எழுதப்பட்டவை. காருக்கென்று தனியாக எழுதப்பட்டவை இரண்டு குடும்பம்: ஸ்னெல் அமைப்பின் எஸ்ஏ வரிசை, சர்வதேச மோட்டார் கூட்டமைப்பான எஃப்ஐஏவின் 8859, 8860 வரிசைகள். 8860 என்பது ஃபார்முலா 1 வரைக்கும் போகிற தரம். விலையும் அந்த உயரத்தில் இருக்கும். உங்களுக்கு எஸ்ஏ போதும்; எஸ்ஏ, எஃப்ஐஏ 8859 இரண்டு முத்திரையும் சேர்ந்து வருகிற ஹெல்மெட் பல உண்டு, கிடைத்தால் நல்லது.

ஸ்னெல் என்பது ஒரு மனிதரின் பெயர். பீட் ஸ்னெல் என்று அழைக்கப்பட்ட வில்லியம் ஸ்னெல் அமெரிக்க ரேஸ் ஓட்டுநர். 1956-இல் ஒரு பந்தயத்தில் கார் கவிழ்ந்தபோது அவர் போட்டிருந்த ஹெல்மெட் அவரைக் காக்கவில்லை. மறு வருடம், 1957-இல், நண்பர்களும் மருத்துவர்களும் சேர்ந்து அவர் பெயரில் இந்த அமைப்பைத் தொடங்கினார்கள். இலாப நோக்கில்லாத அமைப்பு. ஹெல்மெட்டை உடைத்துப் பார்த்துத்தான் முத்திரை தருகிறது, கடையில் விற்கும் ஹெல்மெட்டையும் எடுத்து வந்து திரும்பச் சோதிக்கிறது. எஸ்ஏ தரத்தை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்கள்: எஸ்ஏ2010, எஸ்ஏ2015, எஸ்ஏ2020, இப்போது எஸ்ஏ2025. பைக்குக்கு எம், கோ-கார்ட்டுக்கு கே என்று வேறு எழுத்துகள்.

எஸ்ஏவுக்கும் எம்முக்கும் என்ன வித்தியாசம்? மோதலைத் தாங்குவதில் இரண்டும் ஏறக்குறைய பக்கத்தில்தான் நிற்கின்றன. எஸ்ஏவில் கூடுதலாக மூன்று விஷயம். ஒன்று, தீ. ஓடு, வைசர், தாடைப் பட்டை எல்லாவற்றின் மேலும் சுமார் 790 டிகிரி புரொப்பேன் சுடரைப் பிடித்துப் பார்க்கிறார்கள். உள்ளே துணியும் நெருப்பில் உருகி ஒட்டாத வகையில் இருக்க வேண்டும். இரண்டு, ரோல் பார் சோதனை. காருக்குள் இரும்புக் குழாயில் தலை இடிப்பது போல உருண்டைக் கம்பி மேல் ஹெல்மெட்டை மோதவிடுகிறார்கள். மூன்று, எஸ்ஏ2015-லிருந்து ஹான்ஸ் கொக்கி பொருத்துவதற்கான எம்6 (6 மில்லிமீட்டர்) திருகு இடங்கள் ஓட்டிலேயே தயாராக இருக்க வேண்டும். பைக் ஹெல்மெட்டில் இது எதுவும் கிடையாது. கே வரிசையில் தீச் சோதனை இல்லை, ஏனென்றால் கார்ட்டிலிருந்து குதித்து ஓடிவிடலாம்.

தீ பற்றி நேர்மையாகச் சொல்கிறேன். கம்பெனிக் காரில் டிராக் டே ஓட்டும்போது தீ அரிது. ஆனால் பூஜ்யம் இல்லை. சூடான எக்ஸாஸ்ட் மேல் ஆயிலோ பிரேக் ஃப்ளூயிடோ பட்டால் போதும், பிடித்துக்கொள்ளும். பைக் ஹெல்மெட்டின் உள் துணி பெரும்பாலும் பாலியஸ்டர். அது எரிவதற்கு முன் உருகும், உருகியது தோலில் ஒட்டும். என்னைக் கேட்டால் எஸ்ஏ வாங்கச் சொல்ல இது ஒன்றே போதுமான காரணம் இல்லை. மூன்று காரணமும் சேர்ந்து, அதோடு கார் சீட்டுக்கு ஏற்ற வடிவமும் சேரும்போதுதான் செலவு நியாயமாகிறது.

வடிவம் என்று எதைச் சொல்கிறேன் என்றால், உங்கள் பைக் ஹெல்மெட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். காற்றைக் கிழிக்க ஒரு வால் மாதிரி நீட்டியிருக்கும். பைக்கில் அது நல்லது. காரில் ஹெட்ரெஸ்டில் முட்டும். முட்டினால் தலை முன்னால் தள்ளப்பட்டு, மோவாய் மார்புப் பக்கம் குனிந்தபடி முழு செஷனும் ஓட்டுவீர்கள். பத்து நிமிடத்தில் பிடரி வலிக்கும், பார்வையும் நேராக இருக்காது. பின்னாலிருந்து இடி வந்தால் அந்த நிலை கழுத்துக்கு இன்னும் மோசம். கார் ஹெல்மெட்டின் பின்பக்கம் மொழுக்கென்று உருண்டையாக இருக்கும். முதல் தடவை பைக் ஹெல்மெட்டோடு போகிறீர்கள் என்றால் முந்தின நாளே காரில் உட்கார்ந்து இதைச் சரிபாருங்கள். ஹெட்ரெஸ்டின் உயரத்தையும் சீட்டின் சாய்வையும் மாற்றினால் பெரும்பாலும் சமாளிக்கலாம். ஹெட்ரெஸ்டைக் கழற்றிவிடலாம் என்ற யோசனை மட்டும் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. ரேஸ் சாமான் விற்கும் பெரிய பெயர்களே கூட, 'டிராக் டேவுக்கு', 'க்ளப் ஓட்டுநர்களுக்கு' என்று சொல்லி, வெறும் ஈசிஇ முத்திரை உள்ள ஹெல்மெட் விற்பதுண்டு. பார்க்க அச்சு அசலாக ரேஸ் ஹெல்மெட். விலையும் இதமாக இருக்கும். உள்ளே எஸ்ஏ கிடையாது. மோசமான ஹெல்மெட் என்று சொல்லவில்லை. உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் பைக் ஹெல்மெட் தருவதைவிட அதிகமாக அது எதையும் தராது என்கிறேன். வெளியே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நம்பாதீர்கள். ஸ்னெல் முத்திரை உள்ளே, துணிக்கு அடியில், ஓட்டின் உட்புறம் ஒட்டியிருக்கும். வரிசை எண் இருக்கும். முத்திரை பெற்ற மாடல்களின் பட்டியல் ஸ்னெல், எஃப்ஐஏ இரண்டு இடத்திலும் பொதுவில் இருக்கிறது, மாடல் பெயரை வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். இணையத்தில் யாரென்றே தெரியாத ஆள் மூன்றில் ஒரு பங்கு விலைக்கு அராய், பெல் மாதிரிப் பெரிய கம்பெனி ஹெல்மெட் தருகிறார் என்றால் அது அராயும் இல்லை, பெல்லும் இல்லை.

இப்போது அளவு. இதில்தான் நிதானமாக இருக்க வேண்டும். முத்திரை எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் தொளதொளவென்று இருக்கும் ஹெல்மெட் மோதலின்போது தலையோடு சேர்ந்து நிற்காது, தனியாகச் சுழலும்.

தையல் டேப்பை எடுத்துப் புருவத்துக்கு ஒரு விரல்கடை மேலே வைத்து, பின்மண்டை எங்கே அதிகம் புடைத்திருக்கிறதோ அதைச் சுற்றி இரண்டு மூன்று தடவை அளவெடுங்கள். பெரிய அளவு எதுவோ அதுதான் உங்கள் அளவு. 57, 58 சென்டிமீட்டர் என்றால் பெரும்பாலான கம்பெனிகளில் மீடியம், 59, 60 என்றால் லார்ஜ். அமெரிக்கக் கம்பெனிகள் சில தொப்பி அளவில் ஏழேகால் என்று போடுவார்கள். அது 58 சென்டிமீட்டர். ஆனால் அட்டவணை உங்களைக் கடை வாசல் வரைக்கும்தான் கொண்டுபோகும். மேலிருந்து பார்த்தால் சிலர் தலை நீள்வட்டம், சிலருக்கு உருண்டை. 58 என்று ஒரே அளவு வந்த இரண்டு பேருக்கு ஒரே ஹெல்மெட் பொருந்தாது.

போட்டுப் பார்க்கும்போது இப்படிச் செய்யுங்கள். பட்டையின் இரண்டு பக்கத்தையும் பிடித்து அகட்டி உள்ளே தலையை நுழையுங்கள். காது மடங்கினால் விரலை விட்டுச் சரிசெய்யலாம். நுழைக்கக் கொஞ்சம் சிரமமாக இருப்பது நல்ல அறிகுறி. கன்னம் இரண்டும் உள்பக்கம் தள்ளப்பட்டு, பேசும்போது கன்னத்தின் உள்சதை பல்லில் படும் அளவுக்கு இருக்க வேண்டும். புது ஹெல்மெட்டில் கன்னப் பஞ்சு நாளடைவில் கொஞ்சம் இளகும், அதனால் இன்றைக்கு வசதியாக இருப்பது ஆறு மாதத்தில் தொளதொளக்கும். அப்புறம் பட்டையைக் கட்டிக்கொண்டு, தாடைப் பகுதியைக் கையால் பிடித்து இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள். ஹெல்மெட்டோடு நெற்றித் தோலும் சேர்ந்து நகர வேண்டும். ஹெல்மெட் மட்டும் வழுக்கினால் பெரிது. அடுத்து, பின்னால் ஒருவர் நின்று ஹெல்மெட்டின் பின்விளிம்பைப் பிடித்து மேலே, முன்பக்கமாக உருட்ட முயலட்டும். கழன்று கண்ணை மறைக்கும் அளவுக்கு வந்தால் அது உங்களுக்கானது இல்லை, எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும்.

இதெல்லாம் முடிந்ததும் கழற்றாமல் அரை மணி நேரம் அப்படியே இருங்கள். கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை. முதல் ஐந்து நிமிடத்தில் தெரியாத வலி இருபதாவது நிமிடத்தில் தெரியும். கழற்றியதும் கண்ணாடியில் நெற்றியைப் பாருங்கள். முழு நெற்றியும் லேசாகச் சிவந்திருந்தால் சரி. நடுவில் ஒரே ஒரு இடத்தில் காசளவு அடர்சிவப்பு இருந்தால் அந்த ஓட்டின் வடிவம் உங்கள் தலைக்கு ஒத்துவரவில்லை. போகப் போகச் சரியாகிவிடும் என்று கடையில் சொல்வார்கள். கன்னத்தில் இருப்பது பஞ்சு, அது சரியாகும். நெற்றியில் மெல்லிய துணிக்குப் பின்னால் இருப்பது தெர்மோகோல், அது உங்களுக்காக இளகாது. அடுத்த கம்பெனியைப் பாருங்கள்.

சென்னையில் ஜி.பி. ரோட்டுக்குப் போனால் இரு சக்கர ஹெல்மெட் எத்தனை வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம். எஸ்ஏ ஹெல்மெட் அப்படி வரிசையாக அடுக்கி வைத்திருக்க மாட்டார்கள். ரேஸ் சாமான் இறக்குமதி செய்பவர்களிடம் கேட்க வேண்டும், அல்லது வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லி வாங்க வேண்டும். போட்டுப் பார்க்க வழியே இல்லையென்றால், ரேஸ் நடக்கும் வாரக் கடைசியில் டிராக்குக்கே போங்கள். ஓட்டுநர்களிடம் கேட்டால் அவர்கள் ஹெல்மெட்டைத் தந்து போட்டுப் பார்க்கச் சொல்வார்கள். வியர்வைக்கு ஒரு பாலக்லாவா, அதாவது ஹெல்மெட்டுக்குள் போடும் துணித் தலையுறை, மட்டும் எடுத்துப்போவது மரியாதை. எந்தக் கம்பெனி ஓடு உங்கள் தலைக்குப் பொருந்துகிறது என்று தெரிந்துகொண்டு, மாற்றிக்கொடுக்கச் சம்மதிக்கிற இடத்தில் வாங்குங்கள்.

ஹெல்மெட் கையில் வந்ததும் நேராகக் காருக்குள் போங்கள். ஓட்டுகிற நிலையில் சீட்டை வைத்து, பெல்ட் போட்டு, உட்காருங்கள். கூரைக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவே உள்ளங்கை நுழைகிறதா? நுழையவில்லை என்றால் சீட்டைத் தாழ்த்துங்கள். தாழ்த்தியும் போதவில்லை என்றால் முதுகுச் சாய்வை ஒரு படி கூட்டலாம், அதற்கு மேல் கூட்டாதீர்கள். அதிகம் சாய்ந்தால் பெல்ட் மார்பில் உட்காராது. சன்ரூஃப் உள்ள கார்களில் கூரை இன்னும் தாழ்வு, உயரமானவர்களுக்கு இது பெரிய சிக்கல். பக்கவாட்டிலும் பாருங்கள். கதவுக்கு மேலே இருக்கும் கூரை விளிம்பும், முன் கதவுக்கும் பின் கதவுக்கும் நடுவே நிற்கும் பி பில்லர் தூணும்தான் கம்பெனிக் காரில் தலை இடிக்கிற முதல் இடங்கள். தலையைச் சாய்த்தால் எவ்வளவு தூரத்தில் தட்டுகிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கண்ணாடிகள் மூன்றும் தெரிகிறதா, தலையைத் திருப்பாமல் மார்ஷல் காட்டும் கொடி கண்ணில் படுமா, இதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். எஸ்ஏ ஹெல்மெட்டின் கண் திறப்பு பைக் ஹெல்மெட்டைவிடக் குறுகலாக இருக்கலாம்.

முகத்தை மூடியதா, திறந்ததா? எஸ்ஏ முத்திரையில் இரண்டும் வருகிறது. கூரை உள்ள காரில் ரேலி ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர் ஓப்பன் ஃபேஸ் போடுகிறார்கள். காற்றோட்டம், பேச வசதி, மூக்குக் கண்ணாடி போட வசதி. ஆனால் அவர்கள் உடம்பை ஆறு முனைப் பெல்ட்டும் பக்கெட் சீட்டும் இறுக்கிப் பிடித்திருக்கின்றன, கழுத்தில் ஹான்ஸ் இருக்கிறது. உங்கள் காரில் மூன்று முனைப் பெல்ட்தான். அது மேல் உடம்பைக் கொஞ்சம் முன்னால் போகவிட்டுத்தான் பிடிக்கும், தலை ஸ்டீயரிங் பக்கம் வரும். முகத்துக்கு முன்னால் ஹெல்மெட்டின் தாடைப் பகுதி இருப்பதையே நான் விரும்புகிறேன். ஏர்பேக் விரிந்து தாடைப் பகுதியை மேலே தள்ளினால் கழுத்துக்கு ஆபத்து இல்லையா என்று கேட்பீர்கள். பழைய விவாதம் அது, இரண்டு பக்கமும் விஷயம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். என் முடிவு: ஃபுல் ஃபேஸ் போடுங்கள், ஸ்டீயரிங் நடுவிலிருந்து மார்பு 25 சென்டிமீட்டருக்குக் குறையாமல் உட்காருங்கள். ஸ்டீயரிங்கைக் கட்டிப்பிடிக்கிற மாதிரி உட்கார்ந்து ஓட்டுகிறவர்கள் ஹெல்மெட் வாங்குவதற்கு முன்பு அந்தப் பழக்கத்தை மாற்ற வேண்டும். இன்னொன்று, பெரும்பாலான டிராக் டேக்களில் ஜன்னலை இறக்கிவிட்டுத்தான் ஓட்டச் சொல்வார்கள். முன்னால் போகிற கார் கல் தெறிக்க வைத்தால் கண்ணில் படாமல் காப்பது வைசர்தான்.

வைசர் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஃபார்முலா 1 ஓட்டுநர் ஃபெலிப்பே மாசாவைத் தவிர வேறு உதாரணம் தேவையில்லை. 2009 ஹங்கேரி தகுதிச் சுற்றில், முன்னால் போன காரிலிருந்து கழன்ற ஒரு ஸ்பிரிங், கிட்டத்தட்ட 800 கிராம் எடை, அவர் ஹெல்மெட்டின் இடது கண்ணுக்கு மேல், வைசர் விளிம்பில் அடித்தது. மண்டையோட்டில் முறிவு. உயிர் பிழைத்தார், மறு வருடம் திரும்பவும் ஓட்டினார். அதற்குப் பிறகுதான் ஃபார்முலா 1 ஹெல்மெட்களில் வைசரின் மேல் விளிம்பை மூடி ஸைலான் என்ற உறுதியான இழையாலான பட்டை வந்தது.

இனி ஹான்ஸ். இதைப் பற்றித்தான் எல்லோரும் தப்பாகப் புரிந்துகொண்டு வருகிறார்கள்.

கார் நேராக மோதி நிற்கும்போது பெல்ட் உடம்பைப் பிடித்துவிடுகிறது. தலையும் ஹெல்மெட்டும் சேர்ந்து ஆறு கிலோவுக்கு மேல், அது மட்டும் முன்னால் பாய்கிறது. அந்த இழுப்பில் மண்டையோட்டின் அடிப்பகுதி உடைகிறது. ஹெல்மெட்டில் ஒரு கீறல் கூட இருக்காது, ஆள் இருக்க மாட்டார். 1981-இல் பாத்ரிக் ஜாக்மார் என்ற ஓட்டுநர் அமெரிக்காவில் மிட்-ஒஹையோ டிராக்கில் இறந்த பிறகு, அவருடைய நண்பரான ரேஸ் ஓட்டுநர் ஜிம் டௌனிங், தன் மைத்துனரும் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் உயிர் இயந்திரவியல் பேராசிரியருமான ராபர்ட் ஹப்பர்டிடம் இதற்கு ஒரு வழி கேட்டார். அதிலிருந்து பிறந்ததுதான் ஹான்ஸ். தோளின் மேல் உட்காரும் கழுத்துப்பட்டை ஒன்று, அதிலிருந்து ஹெல்மெட்டுக்கு இரண்டு வார். பல வருடம் யாரும் கண்டுகொள்ளவில்லை. 1994-இல் இமோலாவில் ஃபார்முலா 1 ஓட்டுநர் ராட்சன்பெர்கர், 2001-இல் டேட்டோனாவில் அமெரிக்காவின் நாஸ்கார் பந்தய ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட், இருவரும் இதே முறிவில் போனார்கள். 2001 கடைசியில் நாஸ்கார் ஹான்ஸ் போன்ற கழுத்துக் காப்புக் கருவியைக் கட்டாயமாக்கியது, 2003-இல் ஃபார்முலா 1 ஹான்ஸையே கட்டாயமாக்கியது.

ஆனால் ஹான்ஸ் தனியாக எதையும் பிடிக்காது. அதைத் தோளோடு அழுத்திப் பிடிப்பது ரேஸ் காரில் போடும் ஹார்னெஸ் பெல்ட்டின் இரண்டு தோள் வார்கள். உங்கள் மூன்று முனைப் பெல்ட் ஒரு தோள் மேல்தான் போகிறது. அதில் ஹான்ஸ் போட்டால் பெல்ட் வழுக்கும், உடம்பு சுழலும், ஹான்ஸ் தலைக்கு எந்த உதவியும் செய்யாது. மூன்று முனைப் பெல்ட்டுக்கென்றே உடம்பில் தனிப் பட்டையோடு வருகிற வேறு வகைக் கருவிகள் விற்பனையில் உண்டு, விலை அதிகம்.

அப்படியானால் ஹார்னெஸ் போட்டுவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றும். அங்கேதான் உங்களைக் கையைப் பிடித்து நிறுத்த விரும்புகிறேன். கம்பெனி சீட்டில், ரோல் பார் இல்லாமல், பின் சீட் பெல்ட் இடத்தில் நான்கு முனை ஹார்னெஸை மாட்டிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். கார் கவிழ்ந்து கூரை அமுங்கினால், மூன்று முனைப் பெல்ட்டில் உடம்பு பக்கவாட்டில் சாய இடம் இருக்கும். ஹார்னெஸ் உடம்பை நிமிர்த்தி நிறுத்திவைக்கும், இறங்குகிற கூரை நேராகத் தலையில் இறங்கும். தோள் வார்கள் பின் சீட் அடிவரை சரிந்து இறங்கினால் மோதலில் முதுகெலும்பை அமுக்கும். காலிடுக்கு வார் இல்லாததால் உடம்பு பெல்ட்டுக்கு அடியில் வழுக்கி, இடுப்பு வார் வயிற்றுக்கு ஏறும். ஹார்னெஸ், பக்கெட் சீட், ரோல் பார், ஹான்ஸ் நான்கும் ஒன்றாக வர வேண்டும், அல்லது எதுவும் வர வேண்டாம். கம்பெனி பெல்ட்டும் ஏர்பேக்கும் சேர்ந்து வேலை செய்யும்படி பொறியாளர்கள் வடிவமைத்திருக்கிறார்கள், அதை அப்படியே விடுங்கள். என்றைக்காவது காரை முழு டிராக் காராக மாற்றினால் அன்றைக்கு ஹான்ஸ் வாங்குங்கள். உங்கள் எஸ்ஏ ஹெல்மெட்டில் எம்6 இடங்கள் தயாராகக் காத்திருக்கும். பைக் ஹெல்மெட்டில் ஓட்டை போட்டுக் கொக்கி மாட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

நண்பருடைய ஹெல்மெட் விஷயம். ஓட்டுக்கு உள்ளே இருக்கும் இபிஎஸ் என்பது டிவி பெட்டியில் வருகிற தெர்மோகோலின் கெட்டியான உறவுதான். அது நசுங்குவதால்தான் உங்கள் மூளை தப்பிக்கிறது. ஒருமுறை நசுங்கியது திரும்ப எழாது. வெளி ஓடு பளபளவென்று இருக்கும், உள்ளே நசுங்கியிருப்பது துணியைப் பிரித்தாலும் பல சமயம் தெரியாது. நண்பர் பொய் சொல்கிறார் என்று சொல்லவில்லை, அவருக்கே தெரிந்திருக்காது. அது எஸ்ஏ2010 என்றால் தரமும் பழசாகிவிட்டது. ஸ்னெல் ஐந்து வருடத்தில் மாற்றச் சொல்கிறது; வியர்வை, தலை எண்ணெய், வெயில் எல்லாம் பசையையும் பஞ்சையும் தின்றுவிடும். நம் ஊர் வெயிலுக்கும் தேங்காய் எண்ணெய்க்கும் ஐந்து என்பது தாராளமான கணக்கு. அதே சமயம், மேஜையிலிருந்து வெறும் ஹெல்மெட் ஒருமுறை கீழே விழுந்துவிட்டது என்று பதறித் தூக்கி எறியவும் வேண்டாம். உள்ளே தலை இல்லாதபோது தெர்மோகோலை நசுக்கும் எடை இல்லை. விரிசல் இருக்கிறதா என்று நன்றாகப் பாருங்கள், சந்தேகம் இருந்தால் மட்டும் மாற்றுங்கள். பெட்ரோல், தின்னர், ஸ்ப்ரே பெயின்ட் எதையும் கிட்டே விடாதீர்கள், தெர்மோகோல் கரைந்துபோகும். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணி போதும்.

கார்பன் ஃபைபர் ஓடு வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடையில் அதைத்தான் முதலில் காட்டுவார்கள். ஃபைபர்கிளாஸைவிட எடை குறைவு, உண்மைதான். வளைவில் 1ஜி விசை, அதாவது தலையின் எடைக்குச் சமமான பக்கவாட்டு இழுப்பு, வரும்போது கழுத்து அந்த வித்தியாசத்தை உணரும். ஆனால் இருபது நிமிட செஷன் ஓட்டுகிறவருக்கு அந்தக் காசை டயருக்கும் இன்னொரு டிராக் டேவுக்கும் செலவழிப்பது நல்லது.

வெயிலை மறக்காதீர்கள். இருங்காட்டுக்கோட்டையில் டிராக்கில் இறங்குவதற்கு முன் கார்கள் நிற்கும் பிட்டில் வரிசையில் நிற்கும்போதே உள்ளே வேகும். நிறையப் பேர் எஞ்சின் சூட்டுக்குப் பயந்து ஏசியை அணைத்துவிடுவார்கள். வெள்ளை அல்லது வெளிர் நிறம் வாங்குங்கள், உள் துணி கழற்றித் துவைக்கிற மாதிரி இருக்கட்டும். பாலக்லாவா, தீயைத் தாங்கும் நோமெக்ஸ் துணியில் வாங்கினால் நல்லது, இல்லையென்றால் பருத்தி, பாலியஸ்டர் வேண்டாம். வைசர் நிறமில்லாததாக இருக்கட்டும், மாலை செஷனில் கறுப்பு வைசர் காலை வாரும். மூக்குக் கண்ணாடி போடுகிறவர்கள் போட்டுப் பார்க்கும்போதே கண்ணாடியோடு பார்க்க வேண்டும். காம்பு நேராக நுழையவில்லை என்றால் பொட்டில் குத்தி ஒரே செஷனில் தலைவலி வரும். நீண்ட கூந்தல் உள்ளவர்கள் கழுத்துக்குக் கீழே தாழ்ந்த பின்னலாகப் போடுங்கள், கொண்டை உள்ளே இடம் பிடித்து ஹெல்மெட்டைத் தூக்கிவிடும். தோடு, ஜிமிக்கி எல்லாம் கழற்றி வைத்துவிடுங்கள். பட்டை இரட்டை டி-ரிங்தான் இருக்க வேண்டும், இரண்டுக்குள்ளும் நுழைத்துத் திருப்பி இழுத்தால்தான் பிடிக்கும். அவசரத்தில் ஒன்றில் மட்டும் நுழைத்துவிட்டு வருகிறவர்களைப் பிட்டில் பார்க்கலாம், அது கட்டாததற்குச் சமம். கன்னப் பஞ்சை வெளியிலிருந்தே இழுத்து எடுக்கிற சிவப்பு நாடா உள்ள மாடல் கிடைத்தால் தேர்ந்தெடுங்கள். விபத்தில் மருத்துவக் குழு கழுத்தை அசைக்காமல் ஹெல்மெட்டைக் கழற்ற அது உதவும். இரத்த வகையை எழுதி ஒட்டிவிடுங்கள்.

கடைசிக் கேள்வி, புது எஸ்ஏ ஹெல்மெட்டைப் பைக்குக்கும் போடலாமா? வேண்டாம். ஐஎஸ்ஐ முத்திரை இல்லாததால் சாலையில் அது சட்டப்படி செல்லாது. அதைவிட முக்கியம், கண் திறப்பு குறுகலாக இருந்தால் பக்கத்துச் சந்திலிருந்து வருகிற ஆட்டோ தாமதமாகத்தான் தெரியும். காருக்கு வாங்கியதைக் காருக்கே வையுங்கள், துணிப்பையில் போட்டு, வெயிலில் நிற்கும் கார் டிக்கியில் விடாமல் வீட்டுக்குள் அலமாரியில்.